பாயை இறக்க ஆளில்லாத கப்பல்

யாழ்ப்பாணக் கடலைக் களமாகக் கொண்ட சரித்திரக் காதல் நாவல் ஒன்று வெளியாகியிருப்பதாக அறிந்ததும், விலையைப் பாராமல் வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. நானூறு பக்கங்களைத் தாண்டிய நூல். வாசித்து முடித்த பின்னும் அதன் மீதான மனக்குறை ஆறவில்லை என்பதால் இதை எழுதுகிறேன். நாவலின் பெயரையும் எழுதியவரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அவருக்கு இது முதல் நூல். எங்கள் ஊர்களின் பழங்காலத்தை நாவலாக எழுத முன்வருபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலையில், ஒருவரைப் பெயர் சொல்லி நோகடிப்பதால் எவருக்கும் பயனில்லை. நூலைத்தான் பேச வேண்டும். அதைக் கூசாமல் பேச வேண்டும்.

எதிர்பார்ப்புக்குக் காரணம் இருந்தது. தமிழில் சரித்திரக் காதல் கதை என்றால் சோழ நாட்டு அரண்மனை, நிலவறை, ஒற்றர், முத்திரை மோதிரம் என்று ஒரு வழக்கம், வார இதழ்களின் தொடர்கதைக் காலத்திலேயே நிலைபெற்றுவிட்டது. அந்தக் கதைகள் பலவற்றில் கடல் என்பது இளவரசன் ஈழத்துக்குப் போகும் வழியில் குறுக்கே கிடக்கும் ஓர் இடைவெளி. ஓரிரு அத்தியாயங்களில் தாண்டிவிடுவார்கள். இந்த நாவலோ ஊர்காவற்றுறையில் தொடங்குகிறது. நாயகி அரசகுமாரி அல்லள். தோணி ஓட்டும் தண்டையல் ஒருவரின் மகள். காலம் 1658, போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) யாழ்ப்பாணத்தைப் பறித்த ஆண்டு. றைக்லொவ் வான் கூன்ஸ் தலைமையில் வந்த ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனிப் படை அந்த ஆண்டின் முதற் பாதியில் தூத்துக்குடியையும் மன்னாரையும் பிடித்து, ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையை வீழ்த்தி, யாழ்ப்பாணக் கோட்டையை மூன்று மாதங்களுக்கு மேல் முற்றுகையிட்டு, யூன் மாதத்தில் அதையும் கைப்பற்றி, அடுத்த மாதமே நாகப்பட்டினத்தையும் எடுத்துக்கொண்டது. பாக்கு நீரிணையின் இரு கரைகளும் சில மாதங்களுக்குள் கைமாறின. இந்தக் கடலில் தொழில் செய்து வாழ்ந்த ஒரு குடும்பத்துக்கு அந்த மாதங்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்று ஒருவர் யோசித்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய சந்தோசமாக இருந்தது.

கதை இதுதான். முற்றுகைக் காலத்தில் தண்டையலின் தோணியை ஒல்லாந்தர் பிடித்துவிடுகிறார்கள். தந்தையைத் தேடிப் புறப்படும் மகளை இளம் ஒல்லாந்த அதிகாரி ஒருவன் சிறைப்பிடிக்கிறான். முதலில் வெறுப்பு, பிறகு வாக்குவாதம், பிறகு புயல், புயலில் இருவருக்கும் ஒரே கம்பளி, பிறகு காதல். இரண்டாம் பாதியில் ஆண்டு 1660 ஆகிறது. நாகப்பட்டினத்தில் ஒளிந்திருக்கும் அவளை அவன் கண்டுபிடித்துத் தன் கப்பலில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருகிறான். வழியில் கடற்கொள்ளையர், துரோகி ஒருவன், மீண்டும் ஒரு புயல், கப்பல் தளத்திலேயே கல்யாணம். இத்தகைய கதைப்போக்கின் மீது எனக்குப் பகையில்லை. காதல் நாவலில் எப்படியும் இருவரும் சேரத்தான் போகிறார்கள். எதைத் தாண்டிச் சேர்கிறார்கள் என்பதில்தான் கதை இருக்கிறது. இங்கே தாண்டுவதற்கென்று வைக்கப்பட்டவை எல்லாம் எங்கிருந்தோ இரவல் வாங்கிய தடைகள். கல்யாணப் படம் பிடிக்கும் ஸ்ரூடியோவில் பின்னால் தொங்கவிடும் திரைச்சீலையைப் போல, இந்த நூலில் கடல் நாயகன் நாயகியின் பின்னால் தொங்குகிறது. அதைக் கழற்றிவிட்டு மலைச்சாரலை மாட்டினாலும் கதையில் ஒரு வரியும் மாறாது.

சில்லறைப் பிழைகளை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். 1658 இல் நாயகன் கடலிலிருந்து பார்க்கும் யாழ்ப்பாணக் கோட்டை ஐந்து முனைகளுடன் விரிந்து கிடக்கிறது. போர்த்துக்கீசர் கட்டியது நாற்கோணக் கோட்டை. இன்று நாம் காணும் ஐங்கோண வடிவம், அதைப் பிடித்த ஒல்லாந்தர் பின்னர் கட்டி 1680 இல் நிறைவாக்கியது. அதன் வெளி அரண்கள் 1792 வரை இழுபட்டன. கப்பல் தலைவனின் அறையில் தேநீர் கொதிக்கிறது. இலங்கையில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1867 இல்தான் என்றாலும், சீனத் தேயிலை ஒரு பொட்டலம் அவனிடம் இருந்திருக்கலாம் என்று நானே அவனுக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். வன்னியில் பிடித்த யானைகள் ஆனையிறவு வழியாக நடத்திவரப்பட்டு ஊர்காவற்றுறையில் கப்பலேறின என்பது அக்காலத்து யாழ்ப்பாணத்தின் பெரிய வணிகம். நாவலிலும் யானை ஒன்று வருகிறது, நெற்றிப்பட்டத்துடன், நாயகியின் தலையில் துதிக்கையை வைத்து ஆசீர்வதிப்பதற்காக. இவற்றுக்காக ஒரு நாவலைத் தள்ளிவைக்கும் வாசகி நான் அல்லேன். கதை என்னைப் பிடித்து வைத்திருந்தால் கோட்டைக்கு ஆறு மூலைகள் இருந்தாலும் பொறுத்திருப்பேன்.

பொறுக்க முடியாதவை கடலைப் பற்றிய பிழைகள். மூன்று பாய்மரம் கொண்ட கம்பனிக் கப்பல் யாழ்ப்பாணக் கோட்டை மதிலை உரசிக்கொண்டு நிற்கிறது. நாயகன் கயிற்றைப் பிடித்து இறங்கி நேரே கோட்டை வாசலுக்கு நடக்கிறான். பண்ணைப் பாலத்தால் ஒரு மாலையில் போய்வந்தவர்கள், அங்கே இடுப்பளவு நீரில் நின்று வலையோடு மினக்கெடும் தொழிலாளரைப் பார்த்திருப்பார்கள். கோட்டையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில், மனிதர் நடந்து திரிந்து தொழில் செய்யும் கடனீரேரி அது. ஐரோப்பாவிலிருந்து வந்த பெருங்கப்பல் மிதப்பதற்கு நான்கைந்து மீற்றர் ஆழமாவது வேண்டும். அவை வெளியே ஆழமான நீரில் நங்கூரமிட, ஆளும் சரக்கும் சிறு தோணிகளிலும் வள்ளங்களிலும்தான் உள்ளே வந்தன. பாக்கு நீரிணையே ஆழங்குறைந்த கடல். இராமர் அணையைத் தாண்ட வழியில்லாமல் பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போயின.

நாவலாசிரியருக்கு இந்த ஆழமின்மை ஒரு தொல்லையாகத் தோன்றியிருக்க வேண்டும். அதனால் அதைக் காணாதவர் போலக் கடந்துவிட்டார். எனக்கோ அது கையில் கொண்டுவந்து கொடுத்த வாய்ப்பாகப் படுகிறது. ஒல்லாந்தனின் பீரங்கிக் கப்பல் வர முடியாத இடத்துக்குத் தண்டையலின் தோணி போகும். மணல் திட்டுகள் எங்கே கிடக்கின்றன, எந்த மாதத்தில் எந்தப் பக்கம் நகரும், எந்த வாய்க்காலில் சரக்கேற்றிய தோணி தட்டாமல் போகும் என்பது அந்த மனிதருக்குத்தான் தெரியும். பிடித்தவனுக்குப் பிடிபட்டவரின் தயவு வேண்டும். ஒரு பொய்யான திசையைக் காட்டினால் கப்பலே மணலில் ஏறிவிடும். அந்தத் திசைகளைத் தந்தையோடு போய்ப் பழகிய மகளும் அறிவாள். அவன் மீது அவளுக்கு இரக்கம் பிறக்கும் கணம் எது, அவள் அவனிடம் உண்மையான வழியைச் சொல்லும் கணம் எது என்று வைத்துக்கொண்டே முந்நூறு பக்கம் எழுதியிருக்கலாம். அந்தக் காதலுக்குப் புயல் தேவைப்பட்டிருக்காது, கம்பளியும் தேவைப்பட்டிருக்காது.

இரண்டாம் பாதியில், நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் வந்து சேரக் கப்பலுக்குப் பதினெட்டு நாள்கள் ஆகின்றன. காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 110 கிலோமீற்றர். 2023 ஒக்டோபரில் தொடங்கிய பயணிகள் கப்பலில் ஏறினால் நான்கு மணித்தியாலம் அளவில் கரை சேரலாம். கோடிக்கரையிலிருந்து வடமராட்சிக் கரைக்கு அறுபது கிலோமீற்றரை ஒட்டிய தூரந்தான். காற்று வாய்த்தால், மாலையில் அந்தக் கரையை விட்ட பாய்த்தோணி விடிந்து அதிக நேரமாகுமுன் இந்தக் கரையைக் காணும்.  காதல் வளர்வதற்குக் கொஞ்சம் காலம் வேண்டும் என்பது எனக்கும் விளங்குகிறது. இந்தக் கடலில் அந்தக் காலத்தைத் தருவது தூரமன்று, காற்று.

இதுதான் என் முதன்மையான குறை. வைகாசி தொட்டுப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோழகம். ஐப்பசிக்குப் பின் வடகிழக்கிலிருந்து வாடை. இடையிடையே மேற்கிலிருந்து கச்சானும் கிழக்கிலிருந்து கொண்டலும். பாயை நம்பிய காலத்தில் பயணம், வணிகம், கல்யாணம், கடன் தவணை எல்லாமே இந்த ஒழுங்கில் நடந்தன. பிற்காலத்தில் வல்வெட்டித்துறையிலிருந்தும் ஊர்காவற்றுறையிலிருந்தும் பர்மாவுக்குப் போன கப்பல்கள் சோழகத்தைப் பிடித்து வங்காள விரிகுடாவைக் குறுக்கறுத்துப் போய், அரிசியும் தேக்கும் ஏற்றிக்கொண்டு, வாடையில் வீடு திரும்பின. கார்த்திகை, மார்கழியில் வடமராட்சிக் கரையில் வாடைக் கடல் நேரே வந்து அறையும். அப்போது கப்பல்களுக்கு ஒதுங்கிடம் ஊர்காவற்றுறை. ஆகவே போனவன் எப்போது வருவான் என்பதைக் கரையில் இருந்த பெண் எவரிடமும் கேட்டு அறிய வேண்டியதில்லை. முற்றத்தில் நின்று முகத்தில் எந்தப் பக்கம் காற்றுப் படுகிறது என்று பார்த்தால் போதும். சோழகம் வீசிக்கொண்டிருக்கும் வரை அவன் வரமாட்டான் என்பதால் மனம் அமைதியாக இருக்கும். காற்றுத் திரும்பிய அன்றிலிருந்துதான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். தை போய் மாசியும் கழிந்தால், அந்தத் தோணியைப் பற்றி அவள் முன்னால் எவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

நம்பிக்கைக்கும் அதைக் கைவிடுவதற்கும் காற்றே நாள் குறித்துக் கொடுக்கும் ஒரு கரையில் நிகழும் காதலை எழுத, தமிழை விடப் பொருத்தமான மொழி எனக்குத் தெரியவில்லை. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வகுத்து வைத்திருக்கிறோம். மலையில் கூடுவார்கள், கடற்கரையில் இரங்குவார்கள். இந்த நாவலின் நாயகியோ நானூறு பக்கங்களில் ஒரு நாளும் எவருக்காகவும் காத்திருக்கவில்லை; அவன் அவளை விட்டுப் பிரிந்தால் அடுத்த அத்தியாயத்தில் கப்பலோடு வந்து நிற்கிறான், எந்த மாதமானாலும், எந்தத் திசையிலிருந்தானாலும். திணை மயக்கம் என்று இலக்கணம் கற்றவர்கள் சமாதானம் சொல்லக்கூடும். அவர்களே பக்கம் 150 ஐத் தாண்டட்டும், பிறகு பேசலாம்.

காற்றைக் கவனிக்காததன் விளைவாக வரும் முதற் புயலைப் பாருங்கள். அது ஆனி மாதத்தில், முற்றுகையின் கடைசி நாள்களில் அடிக்கிறது; மூன்று நாள் அடைமழை; கோட்டை அகழி நிரம்பி வழிகிறது. ஆனி மாதத்து யாழ்ப்பாணத்தை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். கிணற்று நீர் கீழிறங்கி, வீதியில் செம்புழுதி எழும்பி, பனையோலைகள் இரவும் பகலும் ஓயாமல் சலசலக்கும் மாதம் அது. சோழகம் பலமாகத்தான் வீசும், கடலும் கொந்தளிக்கும். ஆனால் அது காய்ந்த காற்று. எங்கள் புயல்கள் கார்த்திகை மார்கழிக்கு உரியவை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் எங்கள் வடகரையையும் அந்த மாதத்தில்தான் அடித்தது. காய்ந்த காற்றில், நாவறண்டு, முற்றுகையிட்டவர்களும் முற்றுகைக்குள் இருந்தவர்களும் தண்ணீருக்கு ஏங்கியிருக்கக்கூடிய ஒரு மாதத்தை, காதலர் நனைய வேண்டும் என்பதற்காக ஆசிரியர் வெள்ளத்தில் மூழ்கடித்துவிட்டார்.

அந்தப் புயல் அத்தியாயத்தை வல்வெட்டித்துறையில் இருக்கும் மாமா ஒருவருக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவின் ஒன்றுவிட்ட தமையன்; எண்பதைத் தாண்டியவர்; இளவயதில் சரக்குத் தோணிகளில் போய்வந்தவர். இப்போது கண் மங்கல், காது மட்டும் கூர்மை. வேப்பமரத்தின் கீழ்ச் சாய்மனைக் கதிரையில் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். மின்னல் வெட்டுகிறது, பாய்மரம் முறிகிறது, நாயகன் அவளை இழுத்து அணைக்கிறான், இருவரும் ஒருவரையொருவர் நோக்கியபடி நிற்க, மலையளவு அலை தளத்தின் மீது எழுகிறது. நான் பக்கத்தைப் புரட்டும்போது மாமா கண்ணைத் திறந்தார்.

“பிள்ளை, பாயை ஆர் இறக்கினது?”

“அப்பிடி ஒண்டும் எழுதேல்லை மாமா.”

“காத்து மாறேக்கையே பாயை இறக்கியிருக்க வேணும். இறக்காமல் விட்டால் மரம் முறியத்தானே செய்யும். சுக்கானிலை ஆர் நிண்டது?”

அதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

“அப்ப, இவை ரெண்டு பேரும் மட்டுமே கப்பலிலை போனவை?” என்று கேட்டுவிட்டு, தேத்தண்ணி குடிக்க எழும்பிப் போய்விட்டார்.

திரும்பி வந்து அவர் சொன்னவற்றில் ஒன்று எனக்கு நாவல் முழுவதையும் விடப் பெரிதாகப் பட்டது. நனைந்த பாய் துணியைப் போல மடியாதாம். விறைத்துப் பலகையாகிவிடுமாம். ஆடும் கப்பலில் அதைப் பாய் கட்டும் குறுக்கு மரமான பருமலோடு சேர்த்து மடித்துக் கட்டும்போது நகக்கண்களில் இரத்தம் கசியும். கயிற்றில் உப்புநீர் ஊறியிருப்பதால் எரிச்சல் தாங்க முடியாது. அன்றிரவு சோற்றைப் பிசைய முடியாமல் அகப்பையால் அள்ளி வாயில் போட்டுக்கொள்வார்களாம். சொல்லும்போது அவர் தம் விரல்நுனிகளைப் பெருவிரலால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தார். அந்த விரல்களோடு வீட்டுக்கு வரும் ஒருவனை எதிர்கொள்ளும் பெண், அவன் சொல்லாமலே எதை அறிந்துகொள்வாள் என்று எழுத ஒரு காதல் நாவலாசிரியருக்கு எத்தனை பக்கங்கள் தேவைப்பட்டிருக்கும்!

நாவலில் வரும் கப்பலில் நூறு பேர் இருப்பதாக ஓரிடத்தில் சொல்லப்படுகிறது. நாயகனையும் துரோகியையும் தவிர அவர்களில் ஒருவருக்கும் பெயரில்லை. தமிழ் மாலுமிகள் என்று ஒரு கூட்டம் வருகிறது. அவர்களுக்கு வேலை, ஒல்லாந்தன் கட்டளையிட்டதும் “ஆகட்டும் பிரபு” என்பது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, புளோரன்ஸ் சி. றொபின்சன் என்று பெயர் மாற்றிய கதை வடமராட்சியில் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். அதை அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை ஓட்டிச் சென்று 1938 ஓகஸ்ட் 1 அன்று கரை சேர்த்தவர்களில் தண்டையல் தம்பிப்பிள்ளையும் அவரோடு போன ஊர்க்காரரும் இருந்தார்கள். நாவலின் காலத்துக்கும் அதற்கும் இருநூற்றெண்பது ஆண்டு இடைவெளி உண்டு என்பது உண்மைதான். ஆனால் அத்தகைய கைத்திறன் ஒரு தலைமுறையில் வானத்திலிருந்து விழுவதில்லை. தண்டையலின் மகளை நாயகியாக்கிய ஆசிரியர், தண்டையலுக்குத் தெரிந்த தொழிலைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதியிருக்க வேண்டும்.

காதலைப் பற்றிச் சொல்வதற்கு எனக்கு விருப்பமில்லை. சொல்லாமல் விடவும் முடியவில்லை. சிறைப்பிடித்தவன் மீது சிறைப்பட்டவளுக்குக் காதல் வருவது இந்த வகை நாவல்களுக்குப் பழகிய பாதை, அதில் நடக்கும்போது எழுத்தாளருக்கு இரட்டிப்பு நிதானம் வேண்டும். இங்கே அவள் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்றையும் கேட்பதில்லை. போர்த்துக்கீசர் 1619 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் நாற்பது ஆண்டுக் காலத்தில் கோயில்கள் இடிக்கப்பட்டன. கரையோர ஊர்களில் பலர் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றனர். அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தரோ கத்தோலிக்கத்தைத் தடைசெய்து, குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கினார்கள். கம்பனி ஊழியன் உள்ளூர்ப் பெண் ஒருத்தியை மணப்பதென்றால் கம்பனியின் அனுமதி வேண்டும், பெண் கிறிஸ்தவளாகவும் இருக்க வேண்டும். அப்படியானால் இந்தப் பெண் யார்? வீட்டுக்குள் மறைவாக விபூதி பூசும் தாய்க்குப் பிறந்தவளா? செபமாலையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருப்பவளா? அவனைக் கட்டிக்கொள்வதற்காக எதை விடுகிறாள்? நாவலில் அவள் எதையும் விடுவதில்லை. தளத்தில் மஞ்சள் கயிறு கட்டப்படுகிறது. மாலுமிகள் குலவை இடுகிறார்கள். கம்பனி ஒன்றும் சொல்லவில்லை, பாதிரியார் ஒன்றும் சொல்லவில்லை, பெற்ற தாய் ஒன்றும் சொல்லவில்லை. தாய் என்றொருத்தி இருந்தாளா என்பதே நூலிலிருந்து தெரியவில்லை.

அந்தக் கல்யாணக் கப்பல் 1660 இல் நாகப்பட்டினத்திலிருந்து புறப்படுகிறது என்று முன்பே சொன்னேன். சரக்காகப் பட்டும் ஏலமும் சந்தனமும் ஏற்றியிருப்பதாக ஆசிரியர் ஒரு முழுப் பக்கத்துக்கு மணக்க மணக்க எழுதுகிறார். இந்த இடத்தில்தான் நூலை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீண்டும் திறந்தேன். 1659 முதல் 1661 வரை தஞ்சை நாயக்கர் நாட்டைப் பீஜப்பூர்ப் படையெடுப்பும் பஞ்சமும் சேர்ந்து சிதறடித்தன. வயிற்றுக்கில்லாமல் தம்மையும் பிள்ளைகளையும் விற்றவர்களும் பிறரால் விற்கப்பட்டவர்களும் கடற்கரைத் துறைகளில் குவிந்தார்கள். அவர்களை ஒல்லாந்துக் கம்பனி அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) மலாக்காவுக்கும் கப்பலேற்றியது. அந்த ஓரிரு ஆண்டுகளில் அப்படி ஏற்றப்பட்டவர்கள் 8,000 முதல் 10,000 வரை என்று வரலாற்றாய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அதே கம்பனி, அதே துறைமுகம், அதே ஆண்டு, அதே கடல்வழி. நாயகனும் நாயகியும் நிலவொளியில் நிற்கும் தளத்துக்குக் கீழே என்ன இருந்திருக்கும் என்பதை நாவல் ஒரு கணமும் எண்ணிப் பார்க்கவில்லை. தமிழ் பேசும் நாயகிக்குக் கீழிருந்து வரும் அழுகுரலில் ஒரு சொல்லாவது விளங்கியிருக்கும். அவளுக்கு விளங்கி, அவனுக்கு விளங்காத அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு, அவள் அவனை நேசிப்பதா வெறுப்பதா என்று கதையை நடத்தத் துணிந்திருந்தால், புயலையும் கொள்ளையரையும் நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

இவ்வளவு கடுமையாக எழுதியதற்கு இன்னொரு காரணம், ஆசிரியருக்கு எழுதத் தெரியும் என்பது. ஏழாம் அத்தியாயம் அதற்குச் சான்று. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில், நீர் நடுவே நிற்கும் கடற்கோட்டை ஒல்லாந்தரின் முற்றுகையில் இருக்கிறது. குடிநீர்த் தொட்டி சேதமாகிவிட, சுற்றிலும் கடல் இருக்கக் குடிக்க நீரின்றிக் காவற்படை சரணடைந்தது என்பது வரலாறு. நாவலில் அந்தக் கோட்டைக்குள் நாயகியும் அகப்பட்டிருக்கிறாள். பல் விழுந்த கிழட்டுப் போர்த்துக்கீசச் சிப்பாய் ஒருவன், விடியற்புறத்தில் பீரங்கிக் குழாயின் மீது படிந்த பனியைப் பழந்துணியால் ஒற்றி எடுத்து, அவளுடைய நாவில் பிழிந்துவிடுகிறான். துணியில் வெடிமருந்துக் கரி இருக்கிறது, கறுத்த துளி, அவள் துப்பாமல் விழுங்குகிறாள். அவன் மொழி அவளுக்குத் தெரியாது, அவளுக்கு அவன் யாருமில்லை, மறுநாள் அவன் இறந்துவிடுகிறான். ஒன்பது பக்கங்கள்தாம். அவற்றில் மின்னலில்லை, நிலவில்லை, எவரும் எவரையும் நோக்கிக்கொண்டு நிற்கவில்லை. அந்த ஒன்பது பக்கங்களில் கோட்டையும் கடலும் தாகமும் ஒருவர் செய்வதையும் செய்யாமல் விடுவதையும் தீர்மானிக்கின்றன. எட்டாம் அத்தியாயத்தில் நாயகன் வந்துவிடுகிறான். ஒரு குடம் நன்னீரோடு.

பதிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தாளும் கட்டும் நன்று. ஒற்றுப்பிழைகள் கொஞ்சம் மலிந்திருக்கின்றன. பாக்கு நீரிணையின் வரைபடம் ஒன்றை முதற் பக்கத்தில் சேர்த்திருந்தால் வாசகருக்கு உதவியிருக்கும், எழுதியவருக்கு இன்னும் அதிகமாக உதவியிருக்கும்.

கடைசிப் பக்கத்தில் “இரண்டாம் பாகம் விரைவில்” என்று அறிவித்திருக்கிறார்கள். தம்பதியர் பத்தாவியாவுக்குக் கப்பலேறுகிறார்களாம். ஒல்லாந்தரால் பிடித்துச் செல்லப்பட்ட தண்டையல் நாவலின் நடுப்பகுதிக்குப் பிறகு வரவேயில்லை. மகளும் அவரை மறந்துவிட்டாள். மாமா மட்டும், அந்த மனிசனுக்கு என்ன நடந்தது என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்காகவும் அந்த ஏழாம் அத்தியாயத்துக்காகவும் இரண்டாம் பாகத்தையும் வாங்குவேன். ஆனால் கடையில் நின்றபடியே முதல் அத்தியாயத்தைப் புரட்டி, கப்பல் எந்த மாதத்தில் புறப்படுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுப்பேன்.